பிராது கொடுத்த பின்பு



"போலீஸ் ஸ்டேஷன் படியை மிதிக்காமலே காலத்தைக் கழித்துவிட்டேன்" என்று பெருமையாகச் சொல்லிக் கொள்ளும் பெரியவர்கள் நம் கேம்ப் தமிழர்களிடையே பலர் உண்டு. என் தகப்பனாரும் அப்படிச் சொன்னவரே. ஊரை விட்டு வந்து, வேற்று மொழி வழங்கும் இடத்தில் பிழைப்பவர்களுக்கு வம்பு வழக்குகளிலிருந்து ஒதுங்கி வாழ்வது ஒரு பாதுகாப்பாகவே தோன்றும். ஆனால் நாம் வம்புக்குப் போகாவிடினும் வம்பு நம்மைத் தேடி வருவதுண்டு. அப்போது அந்தப் படியை மிதித்தே ஆகவேண்டும். மிதித்த பின்பு என்ன நிகழும் என்பதை அறியாமையால் நம்மவர் அடையும் நஷ்டம் பெரிது. சென்ற ஆண்டு என் எதிர்வீட்டில் நிகழ்ந்ததைச் சொன்னால் இது விளங்கும். அதில் என் பிழையும் ஒன்று இருக்கிறது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

எதிர்வீட்டு அம்மையார் கணவரை இழந்தவர். இரண்டு வீடுகளில் சமையல் வேலை செய்து மகளையும் மகனையும் வளர்த்து வருகிறார். சென்ற தை மாதத்தில் ஒரு மாலை, நகரின் வேறொரு பகுதியில் வேலை முடிந்து திரும்பும்போது, மோட்டார் சைக்கிளில் வந்த இருவர் அவர் கழுத்திலிருந்த மூன்று சவரன் சங்கிலியைப் பறித்துச் சென்றுவிட்டனர். மகளின் கல்யாணத்திற்கென்று வைத்திருந்த ஒரே நகை அது. அன்றிரவு அவர் என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"தம்பி, ஸ்டேஷனுக்கு ஒரு நடை கூட வருகிறாயா? எனக்கு மராத்தி சரியாகப் பேச வராது" என்றார்.

எனக்கு மறுநாள் காலை ஐந்து மணிக்கு டியூட்டி. அது ஒரு காரணம். உண்மையான காரணம், போலீஸ் விவகாரம் நமக்கு எதற்கு என்ற எண்ணமே. "பையன் பள்ளியில் மராத்தி படிக்கிறானே அக்கா, அவனை அழைத்துச் செல்லுங்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். பையனுக்குப் பன்னிரண்டு வயது.

அவர்கள் போனார்கள், பிராது கொடுத்தார்கள், கையெழுத்திட்டு ஒரு காகிதமும் பெற்று வந்தார்கள். "கேஸ் எழுதிவிட்டார்கள், தம்பி" என்று அந்த அம்மையார் மறுநாள் ஆறுதலோடு சொன்னார். இரண்டரை மாதம் கடந்தது. ஒரு தகவலும் இல்லை. பங்குனிக் கடைசியில் அந்தக் காகிதத்தை என்னிடம் கொண்டுவந்து கொடுத்தார். ரயில்வேயில் மராத்திக் கடிதங்களைப் பார்த்துப் பழகியவன் ஆதலால் படித்தேன். படித்ததும் எனக்கு முகம் வாடிவிட்டது. அதில் எழுதியிருந்தது: கூட்டத்தில் நடந்து செல்கையில் சங்கிலி 'கஹாள்' ஆகிவிட்டது. அதாவது, காணாமற் போய்விட்டது.

"பறித்தார்கள் என்று சொன்னீர்களா அக்கா?" என்று கேட்டேன். பையன் தலையைக் குனிந்துகொண்டான். அவன் "சேன் கேலி" என்று சொல்லியிருக்கிறான். சங்கிலி போய்விட்டது என்று பொருள். தமிழிலும் நாம் அப்படித்தானே சொல்லுகிறோம்! திருடு போனாலும் 'போய்விட்டது', தவறி விழுந்தாலும் 'போய்விட்டது'. எழுதியவர் வேண்டுமென்றே அப்படி எழுதினாரோ, சொன்னதை அப்படியே எடுத்துக் கொண்டாரோ, நான் அறியேன். எழுதியதைத் திரும்பப் படித்துக் காட்டவில்லை, இவர்களும் கேட்கவில்லை. ஆக, இரண்டரை மாத காலமாக எந்த வழக்கும் இல்லாமலே ஒரு குடும்பம் வழக்கின் முடிவுக்காகக் காத்திருந்தது.

காகிதம் எத்தகையது?

ஆகவே முதலாவதாக அறியவேண்டியது, நாம் கொடுத்த பிராது எந்தப் புத்தகத்தில் ஏறியது என்பதே. பிராது என்று நம் பாட்டனார் சொன்னதும், 'ஃபிர்யாத்' என்று மராத்தியர் சொல்லுவதும் ஒரே பாரசீகச் சொல்லின் வழிவந்தவையே. ஆனால் காவல் நிலையத்தில் அது மூன்று வகைக் காகிதங்களுள் ஒன்றாகலாம்.

ஒன்று, பொருள் தொலைந்ததற்கான குறிப்பு. புதிய சிம் கார்டு வாங்கவும், தொலைந்த சான்றிதழுக்கு நகல் கேட்கவும் அது பயன்படும். அதைக்கொண்டு எவரும் திருடனைத் தேட மாட்டார்கள். இரண்டாவது, 'என்.சி.' எனப்படும் பதிவு. வசைமொழி, சிறு கைகலப்பு போன்றவை இதில் சேரும். மாஜிஸ்திரேட்டின் உத்தரவு இன்றிப் போலீசார் இவற்றை விசாரிக்க இயலாது. மூன்றாவது, முதல் தகவல் அறிக்கை, அதாவது எஃப்.ஐ.ஆர். திருட்டு, வழிப்பறி, மோசடி, ஆயுதத்தால் தாக்குதல் முதலியவற்றிற்கு இதுவே உரியது. இது பதிவானால்தான் விசாரணை தொடங்கும்.

2024 ஜூலை 1 முதல் நாட்டில் புதிய குற்றவியல் சட்டங்கள் நடைமுறையில் உள்ளன. பழைய நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா வந்துள்ளது. அதன் 173ஆம் பிரிவு, வாய்மொழியாகச் சொன்ன தகவலை எழுதி, சொன்னவருக்குப் படித்துக் காட்டி, கையெழுத்துப் பெறவேண்டும் என்று விதிக்கிறது. முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகக் கொடுக்கவேண்டும் என்றும் அதே பிரிவு கூறுகிறது. மின்னஞ்சல் முதலிய வழியில் தகவல் அனுப்பியவர் மூன்று நாட்களுக்குள் நேரில் சென்று கையெழுத்திட வேண்டும். இவ்வூரில் எழுதுவது மராத்தியில். ஆதலின் வரி வரியாகப் படித்துப் பொருள் சொல்லக் கேளுங்கள். பறித்ததாயின் 'ஹிஸ்காவலி' என்றும், திருட்டாயின் 'சோரி' என்றும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். 'கஹாள்' என்ற சொல் இருப்பின், "ஐயா, அவ்வாறு நான் சொல்லவில்லை" என்று பணிவோடும் உறுதியோடும் சொல்லுங்கள்.

பொருளின் மதிப்பையும் சரியாகச் சொல்லவேண்டும். 5,000 ரூபாய்க்குக் குறைந்த பொருளின் திருட்டு, புதிய சட்டத்தில் மாஜிஸ்திரேட்டின் உத்தரவு இன்றிப் போலீசார் விசாரிக்க இயலாத வகையில் சேர்க்கப்பட்டுள்ளது. கூச்சத்தினால் "பழைய போன்தான்" என்று குறைத்துச் சொல்லி, விசாரணையை நீங்களே தடுத்துக் கொள்ளாதீர்கள். நகைக்கடை ரசீது, போனின் பதினைந்து இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் ஆகியவற்றை இன்றே ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வையுங்கள்.

பதிவு செய்ய மறுத்தால்

இதற்கு நாடறிந்த முன்மாதிரி ஒன்று உண்டு. 2008ஆம் ஆண்டில் உத்தரப் பிரதேசத்தின் காஸியாபாத் பக்கத்தில் ஒரு தந்தை, காணாமற்போன தம் சிறுமகளைத் தேடித் தரும்படி காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்தார். பதிவு செய்யவில்லை. மேலதிகாரியிடம் சென்ற பிறகே பதிவாயிற்று. அப்போதும் தக்க நடவடிக்கை இல்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. 2013 நவம்பர் 12ஆம் தேதி ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு தீர்ப்பளித்தது. தகவலில் பிடியாணை இன்றியே கைது செய்யத்தக்க குற்றம் வெளிப்படுமாயின் முதல் தகவல் அறிக்கை பதிவு செய்தே ஆகவேண்டும். அது அதிகாரியின் விருப்பத்திற்கு விடப்பட்டதன்று என்பது அத்தீர்ப்பின் சாரம். அந்த அமர்வுக்குத் தலைமை தாங்கியவர் அன்றைய தலைமை நீதிபதி பி. சதாசிவம், ஈரோடு மாவட்டத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்த தமிழர்.

புதிய சட்டத்தில் ஒரு சிறு மாறுதல் உண்டு. மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றங்களில், மேலதிகாரியின் அனுமதி பெற்று, பதினான்கு நாட்களுக்குள் முதற்கட்ட விசாரணை செய்து பார்க்கலாம். ஆகவே இத்தகைய வழக்கில் பதினான்கு நாள் பொறுப்பது நியாயம். அதற்கு மேல் பொறுப்பது நம் தவறு.

மறுத்தால் செய்யவேண்டியது இது: நடந்ததை எழுதிப் பதிவுத் தபாலில் மாவட்ட சூப்பிரண்டெண்டுக்கு அனுப்பலாம், புனே நகரம் போலீஸ் கமிஷனரின் ஆட்சிக்கு உட்பட்டது ஆதலின் இங்கே பகுதித் துணைக் கமிஷனருக்கு அனுப்பவேண்டும். அதற்கும் பயனில்லையேல் மாஜிஸ்திரேட்டிடம் விண்ணப்பிக்கலாம். வக்கீல் வைக்கப் பணமில்லையே என்று கலங்கவேண்டாம். 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்கள், வருமானம் எவ்வளவாயினும், இலவச சட்ட உதவி பெற உரிமை உடையவர்கள். தொலைபேசி எண் 15100.

நான் என் பிழைக்குப் பரிகாரமாக அந்த அம்மையாருக்காக விண்ணப்பம் எழுதிப் பதிவுத் தபாலில் சேர்த்தேன். ஒன்பதாம் நாள் அழைப்பு வந்தது. இம்முறை நான் லீவு போட்டுவிட்டு உடன் சென்றேன். வழிப்பறி என்று முதல் தகவல் அறிக்கை பதிவாயிற்று. எழுதிய அதிகாரி பொறுமையாகவே கேட்டு எழுதினார் என்பதையும் சொல்லவேண்டும்.

அதன் பின் நிகழ்பவை

முதலில் பஞ்சநாமா. குற்றம் நடந்த இடத்திற்குப் போலீசார் வந்து, இரண்டு பஞ்சர்களின் முன்னிலையில், கண்டவற்றை எழுதிக் கொள்வர். வீட்டில் திருட்டு நடந்திருந்தால் அதுவரை பெட்டியையோ அலமாரியையோ தொடலாகாது. நம் வீட்டுப் பெண்கள் முதற்காரியமாகக் கூட்டிப் பெருக்கிவிடுகிறார்கள். தடயம் குப்பையோடு போய்விடுகிறது.

எதிர்வீட்டு அம்மையார் விஷயத்தில் இங்கேதான் காலதாமதத்தின் விலை தெரிந்தது. சம்பவம் நடந்த இடத்தில் ஒரு கடை வாசலில் காமிரா இருந்தது. கடைக்காரரும் நல்லவர், தேடிப் பார்த்தார். ஆனால் பழைய பதிவுகள் அழிந்து புதியவை ஏறியிருந்தன. "அந்த வாரமே கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனே" என்றார் அவர். அன்றிரவு நான் ஒரு மணி நேரம் உடன் சென்றிருந்தால் அந்தப் பதிவு கிடைத்திருக்கக்கூடும். அம்மையார் என்னை ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. எனக்குத்தான் அங்கே நிற்க முடியவில்லை.

அடுத்தது வாக்குமூலம், மராத்தியில் 'ஜபாப்' என்பர். ஒன்றை இங்கே நினைவில் வையுங்கள். முதல் தகவல் அறிக்கையில் நாம் கையெழுத்திட வேண்டும். ஆனால் பின்னர் விசாரணையில் எழுதிக் கொள்ளும் சாட்சி வாக்குமூலத்தில் கையெழுத்துப் பெறலாகாது என்பது சட்டம். மேலும், பெண்களையும், பதினைந்து வயதுக்குக் குறைந்த சிறுவரையும், அறுபது வயது கடந்த ஆடவரையும், உடல் ஊனமுற்றோரையும், கடும் நோயுற்றோரையும் சாட்சி விசாரணைக்காக ஸ்டேஷனுக்கு வரும்படி கட்டாயப்படுத்த இயலாது. அவர்கள் வசிக்கும் இடத்திலேயே விசாரிக்க வேண்டும். தாமே விரும்பி வந்தால் தடையில்லை.

பிறகு ஒரு நீண்ட மௌனம் வரும். இதற்கே நாம் மனத்தைத் தயார் செய்துகொள்ள வேண்டும். விசாரணை அதிகாரியிடம் நம் வழக்கு ஒன்று மட்டும் இருப்பதில்லை. பந்தோபஸ்து, ஊர்வலம், கோர்ட்டு என்று அவர் அலைந்துகொண்டே இருப்பார். ஆயினும் விசாரணை எந்த நிலையில் உள்ளது என்பதைத் தொண்ணூறு நாட்களுக்குள் பிராது கொடுத்தவருக்குத் தெரிவிக்கவேண்டும் என்று புதிய சட்டம் கூறுகிறது. பதிவு எண், தேதி, அதிகாரியின் பெயர், பதவி இவற்றைக் குறித்து வைத்துக்கொண்டு, மாதம் ஒருமுறை சென்று கேட்பதில் தவறில்லை. தினந்தோறும் சென்று சண்டையிடுவதால் பயனும் இல்லை.

இந்த மௌனக் காலத்தில் சிலர் போனில் அழைத்து, "உங்கள் பொருள் கிடைத்துவிட்டது, இவ்வளவு பணம் அனுப்புங்கள்" என்று கேட்பதுண்டு. அனுப்பாதீர்கள். பொருளைத் தேடுவதற்கோ நகல் தருவதற்கோ கட்டணம் கிடையாது. உத்தியோகஸ்தரே கையூட்டுக் கேட்டால் லஞ்ச ஒழிப்புத் துறையின் 1064 எண் இருக்கிறது. பாங்குக் கணக்கிலிருந்து மோசடியாகப் பணம் எடுக்கப்பட்டால், ஸ்டேஷனுக்குப் புறப்படும் முன்பே 1930க்குப் போன் செய்யுங்கள்; அங்கே ஒவ்வொரு நிமிஷமும் முக்கியம்.

பொருள் கிடைத்துவிட்டால் அது நேரே நம் கைக்கு வாராது. 'முத்தேமால்' என்ற பெயரில் போலீஸ் காவலில் இருக்கும். மாஜிஸ்திரேட்டிடம் விண்ணப்பித்து, அடையாளம் காட்டி, ஜாமீன் எழுதிக் கொடுத்துப் பெறவேண்டும். கைப்பற்றிய பொருளைப் பதினைந்து நாள் முதல் ஒரு மாதத்திற்கு மேல் ஸ்டேஷனில் வைத்திருக்கலாகாது என்று உச்ச நீதிமன்றம் 2002ஆம் ஆண்டிலேயே கூறியிருக்கிறது. கேட்பவருக்கே அந்தத் தீர்ப்பு பயன்படும்.

ரயிலில் நேர்ந்தால்

என் உத்தியோகம் பற்றி இரண்டு வார்த்தை. சென்னையிலிருந்து ரேணிகுண்டா, குந்தக்கல், வாடி, சோலாப்பூர் வழியாகப் புனே வரும் வண்டி பல மாநிலங்களைக் கடக்கிறது. இரவில் பெட்டி திருடு போனால் எந்த ஊரில் போயிற்று என்று யார் சொல்ல முடியும்? பயணத்தை முறித்துக்கொண்டு இறங்கவேண்டியதில்லை. டிக்கெட் பரிசோதகரிடமோ, கார்டிடமோ, காவலுக்கு வரும் போலீசாரிடமோ பிராதுப் படிவம் கேட்டு எழுதிக் கொடுக்கலாம். 139க்குப் போன் செய்யலாம். திருட்டு வழக்கை நடத்துவது மாநில அரசின் ரயில்வே போலீஸ். ஆர்.பி.எஃப். என்பது ரயில்வேயின் சொந்தப் படை. இரண்டையும் குழப்பிக் கொண்டு அலைய வேண்டாம்.

"இது எங்கள் எல்லை அன்று" என்ற பதிலுக்கும் இப்போது சட்டத்தில் இடமில்லை. குற்றம் எங்கு நடந்திருப்பினும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம். பூஜ்ய எண்ணிட்டுப் பதிவு செய்து உரிய நிலையத்திற்கு அனுப்பி வைப்பது அவர்கள் கடமை.

முடிவு எவ்வாறு வரும்?

குற்றவாளி அகப்பட்டால் குற்றப்பத்திரிகை கோர்ட்டுக்குச் செல்லும். சாட்சி சொல்ல நமக்குச் சம்மன் வரும். அது ஆண்டுகள் கழித்தும் வரலாம். வீடு மாறினால் விலாசத்தைத் தெரிவித்துவிட வேண்டும்.

அகப்படாவிட்டால் வழக்கை முடிக்கக் கோரி மாஜிஸ்திரேட்டுக்கு அறிக்கை போகும். மகாராஷ்டிரத்தில் இதற்கு மூன்று பெயர்கள் உண்டு. 'ஏ' சம்மரி என்றால் குற்றம் நடந்தது உண்மை, செய்தவர் அகப்படவில்லை. 'பி' என்றால் பிராது பொய். 'சி' என்றால் தவறான எண்ணத்தால் எழுந்தது, அல்லது சிவில் விவகாரம். எந்த எழுத்தாயினும், மாஜிஸ்திரேட் அதை ஏற்குமுன் பிராது கொடுத்தவருக்கு அறிவிப்பு அனுப்பி, அவர் சொல்வதையும் கேட்கவேண்டும். இது 1985ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. ஆகவே அறிவிப்பு வந்தால் அலமாரியில் வைத்துவிடாமல், எந்த எழுத்து என்று பாருங்கள். 'பி' அல்லது 'சி' என்றிருந்து அது நியாயமன்று என்று தோன்றினால், குறித்த நாளில் சென்று ஆட்சேபம் தெரிவியுங்கள்.

சென்ற வாரம் எதிர்வீட்டு அம்மையாருக்கு அந்த அறிவிப்பு வந்தது. பையன் அதை எடுத்துக்கொண்டு ஓடி வந்தான். அவனும் என்னருகில் நின்று மெள்ள எழுத்துக் கூட்டிப் படித்தான். 'ஏ' சம்மரி.

"சங்கிலி கிடைக்கவில்லை அக்கா" என்றேன்.

"அது எனக்குத் தெரியும் தம்பி. என்ன எழுதியிருக்கிறார்கள்?" என்று கேட்டார்.

"பறித்தது உண்மை, ஆள் அகப்படவில்லை என்று எழுதியிருக்கிறார்கள். பின்னர் துப்புக் கிடைத்தால் மறுபடியும் விசாரிக்கலாம்."

அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "தொலைத்துவிட்டாள் என்று இல்லையே? அது போதும்" என்று சொல்லிக் காகிதத்தை மடித்து வாங்கிக் கொண்டார். புகுந்த வீட்டு உறவினர்களுள் சிலர் அவர் நகையை விற்றுவிட்டுக் கதை கட்டுகிறார் என்று பேசிவந்தது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

சங்கத்து நிர்வாகிகளுக்கு ஒரு விண்ணப்பம் செய்து முடிக்கிறேன். மராத்தி எழுதப் படிக்கத் தெரிந்து, அழைத்த நேரத்தில் காவல் நிலையத்திற்கு உடன் வரக்கூடிய அங்கத்தினர்களின் பெயர்ப் பட்டியல் ஒன்றை நம் சங்கத்தில் வைக்கலாம். இருவர் மூவர் இருந்தாலும் போதும். அந்தப் பட்டியலில் என் பெயரை முதலில் எழுதிக் கொள்ளும்படி கேட்டுக் கொள்கிறேன். காலை ஐந்து மணி டியூட்டியாக இருந்தாலும் வருகிறேன்.